ஆடாத ஆட்டமும் ஆடித் தோற்ற ஆட்டமும்



நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் நாட்டில் ஒரு விந்தையைக் காண்கிறோம். உலகக் கோப்பைக்கான கால்பந்தாட்டப் போட்டிகள் எங்கோ ஒரு தூர தேசத்தில் தொடங்குகின்றன. அப்போட்டிகளில் இந்தியக் குழு இடம்பெறுவதில்லை. ஆயினும் கொல்கத்தாவின் சந்துகளில் பிரேஸில் நாட்டின் மஞ்சளும் ஆர்ஜென்டினாவின் நீலமும் எதிரெதிர் மாடிகளில் பறக்கின்றன. 2022ஆம் ஆண்டில் கத்தார் நாட்டில் போட்டிகள் நடைபெற்றபோது, கோழிக்கோட்டை அடுத்த புல்லாவூர் என்னும் சிற்றூரில் ஒரு சாரார் ஆற்றின் நடுவே ஆர்ஜென்டினாவின் மெஸ்ஸிக்கு 30 அடி உயர உருவம் ஒன்றை நாட்டினர். மறு சாரார் சும்மா இருப்பரோ? பிரேஸிலின் நெய்மாருக்கு 40 அடியில் உருவம் எழுப்பினர். பிறர் வீட்டுக் கலியாணத்துக்கு இவ்வளவு பெரிய பந்தல் போடுகிற மக்கள் வேறெங்கேனும் உளரோ என்று வியக்கத் தோன்றுகிறது.

நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். அந்த 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எங்கள் அலுவலகத்தின் பகலுணவு வேளை முழுவதும் இந்த விவாதத்துக்கே உரியதாயிற்று. வங்க நண்பர் பிரேஸிலின் கட்சி. மலையாள நண்பர் ஆர்ஜென்டினாவின் கட்சி. கோவா நண்பருக்குப் போர்ச்சுகல் அன்றி வேறு நாடில்லை. இன்ன குழுவின் முன்னணி வலிது, இன்ன குழுவின் தற்காப்பு மெலிது என்று, தத்தம் வீட்டுப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களைக் கூறுவதுபோல் விரல்விட்டு எண்ணிக் கூறுவார்கள். ஒரு நாள் எங்களுள் இளையவரான மணிப்பூர் நண்பர், அதுவரை வாய் திறவாதிருந்தவர், “எல்லா நாடுகளுக்கும் ஜாதகம் கணித்தாயிற்று, நம் நாட்டுக்கு எப்போது கணிக்கப் போகிறோம்?” என்று கேட்டார்.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மூத்த அன்பர் ஒருவர், “ஏன், 1950ஆம் ஆண்டிலேயே நமக்கு இடம் கிடைத்ததே! வெறுங்காலுடன் ஆடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். போயிருந்தால் இத்தாலியை வென்றிருப்போம்” என்றார். அவ்வளவுதான், மடை திறந்தது. போயிருந்தால் யாரை வென்றிருப்போம், யாரிடம் தோற்றிருப்போம் என்று அரை மணி நேரம் ஒரே ஆரவாரம்.

மொழிபெயர்ப்பாளனுக்கு வினைமுற்றுகளின்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. ‘வெல்வோம்’ என்பது நம்பிக்கை. ‘வெல்லலாம்’ என்பது மதிப்பீடு. ‘வென்றிருப்போம்’ என்பதோ மறுப்பார் அற்ற வாதம். முன்னிரண்டையும் மைதானம் சோதித்துவிடும். மூன்றாவதைச் சோதிக்க மைதானம் ஏதும் இல்லை. 1950ஆம் ஆண்டைப் பற்றி நம் ரசிகர்கள் பேசுவதெல்லாம் இந்த மூன்றாம் வினையிலேயே அமைந்துவிட்டது. அவ்வாண்டில் உண்மையில் நிகழ்ந்தது என்ன, நாம் போகாததனால் இழந்தது என்ன என்பதை வரலாற்றைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

வெறுங்காலின் கதையை முதலிற் கூறவேண்டும். இந்தியர் கால்பந்தை வெறுங்காலுடன் ஆடியது வறுமையால் மட்டும் அன்று. அதில் ஒரு பெருமிதமும் கலந்திருந்தது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் குழு, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவின் ஆங்கிலேயக் குழுவை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்றது. வென்ற பதினொருவரில் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலர். மைதானத்தை நெருங்க இயலாது தொலைவில் நின்ற மக்களுக்குப் பட்டம் பறக்கவிட்டு கோல் கணக்கை அறிவித்தனர் என்று கூறுவர். பூட்ஸ் அணிந்த ஆட்சியாளரை வெறுங்காலால் வென்ற அந்த நாள், ஒரு தலைமுறையின் உள்ளத்தில் நிலைபெற்றது. காலில் எதுவும் அணியாமையே நம் ஆட்டத்தின் அழகு, பந்தின்மேல் நமக்குள்ள ஆட்சியின் இரகசியம் என்னும் எண்ணமும் அதனுடன் வேரூன்றியது.

அந்த நம்பிக்கைக்கு இலண்டன் மாநகரம் மேலும் வலுவூட்டியது. சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், ஒலிம்பிக் பந்தயத்தில் நம் குழு பிரான்ஸ் நாட்டை இல்ஃபோர்டில் எதிர்த்து ஆடியது. நாகர் இனத்தவரும் மருத்துவம் பயின்றவருமான தாலிமெரேன் ஆவ் தலைமை தாங்கினார். நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்ஸ் முதற் கோலைப் போட்டது. 70ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதனைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியா ஒலிம்பிக் பந்தயத்தில் போட்ட முதல் கால்பந்து கோல் அதுவே. ஆனால் நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்ட்டிகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மற்றொரு கோல் போட்டு வென்றது. அந்த இரண்டு பெனால்ட்டிகளும் கோலாகியிருந்தால் வென்றிருப்போம் என்று நம் நாட்டு ரசிகர்கள் பேசலாயினர். இங்கே தொடங்கியது அந்த மூன்றாம் வினை. ஆயினும் இதில் ஒரு நியாயம் உண்டு. ஆடித் தோற்ற ஆட்டத்தைப் பற்றியது அது.

இனி 1950ஆம் ஆண்டுக்கு வருவோம். உலக யுத்தத்தால் தடைப்பட்டிருந்த உலகக் கோப்பைப் போட்டி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் பிரேஸிலில் நடைபெறவிருந்தது. மொத்தம் 16 இடங்கள். ஆசியாவில் நம்முடன் மோதவேண்டிய பர்மா முதலிய நாடுகள் விலகிக்கொண்டமையால், ஓர் ஆட்டமும் ஆடாமலே இந்தியாவுக்கு ஓர் இடம் வாய்த்தது. ரியோ டி ஜனீரோவில் மே மாதம் 22ஆம் நாள் சீட்டுக் குலுக்கியபோது இந்தியா மூன்றாம் பிரிவில் இடம்பெற்றது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே ஆகியவை அப்பிரிவின் மற்ற மூன்று நாடுகள். இத்தாலி 1934, 1938 ஆகிய இரு முறையும் கோப்பையை வென்ற நாடு. ஸ்வீடன் 1948ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்ற நாடு. முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மாத காலமே எஞ்சியிருந்தது. நம் கால்பந்துச் சம்மேளனம், குழுவை அனுப்புவதற்கில்லை என்று முடிவு செய்தது.

ஏன் அனுப்பவில்லை? வெறுங்காலுடன் ஆடுவதைச் சர்வதேசச் சம்மேளனம் தடுத்தது என்பதே நாடெங்கும் வழங்கும் கதை. கேட்பதற்கு இனிய கதை. நம்மேல் குற்றமில்லாத கதை. ஆனால் அன்று சம்மேளனம் கூறிய காரணங்கள் வேறு. பயிற்சிக்குப் போதிய காலம் இல்லை என்பதும், ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் கருத்து வேற்றுமை இருந்தது என்பதுமே அவை. பயணச் செலவும் பெரியதொரு கவலை. அதில் ஒரு பெரும் பகுதியை ஏற்க பிரேஸில் முன்வந்தது என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். நம் குழுவுக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டிய சைலேன் மன்னாவும், வெறுங்கால் காரணமன்று என்று பிற்காலத்தில் கூறினார்.

இக்காரணங்களுக்கெல்லாம் அடியில் வேறொரு காரணம் இருந்தது. உலகக் கோப்பை எத்தகைய பந்தயம் என்பதை அன்றைய இந்தியா உணர்ந்திருக்கவில்லை. நமக்கு ஒலிம்பிக்கே உலகம். 1928, 1932, 1936 ஆகிய ஆண்டுகளில் ஹாக்கியில் தங்கப் பதக்கம் பெற்றோம். 1948ஆம் ஆண்டில் இலண்டனிலேயே பிரிட்டிஷ் குழுவை நான்கு கோல்களால் வென்று நான்காம் தங்கத்தைப் பெற்றோம். புகழ் என்பது ஒலிம்பிக் மேடையில் கிடைப்பது என்று நாடு அறிந்திருந்தது. மேலும், ஆசிய விளையாட்டுப் போட்டிகளை முதன்முதலாக நடத்தும் பொறுப்பும் அப்போது தில்லியின் தலைமேல் இருந்தது. இவற்றினிடையே, ஊதியத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ளும் ஒரு போட்டிக்காகக் கடல் பல கடந்து செல்வது தேவையற்றதாகத் தோன்றிற்று. அக்காலத்து மனநிலையைக் கொண்டு நோக்கினால் இதனைப் பெருங்குற்றம் என்று சொல்வதற்கில்லை. நாம் மட்டுமே விலகினோம் என்பதும் இல்லை. ஸ்காட்லாந்து, துருக்கி, பிரான்ஸ் ஆகிய நாடுகளும் தத்தம் காரணங்களால் விலகின. பிரிட்டனின் முதற்பரிசு பெற்றால்தான் போவோம் என்று சபதம் செய்திருந்த ஸ்காட்லாந்து, இரண்டாம் இடம் பெற்றதும், வாய்த்த இடத்தைத் தானே விட்டுக்கொடுத்தது. இறுதியில் 13 நாடுகளே ஆடின.

போகாத அந்தப் பந்தயம் எப்படி நடந்தது என்பது, ஆருடம் கூறுகிற ரசிகர்கள் யாவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

நமது மூன்றாம் பிரிவையே முதலில் நோக்குவோம். இத்தாலிக்கு 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஒரு பேரிடி விழுந்திருந்தது. அந்நாட்டின் தலைசிறந்த டொரினோ குழுவினர் வந்த விமானம், டூரின் நகரை அடுத்த சுபெர்கா குன்றில் மோதி, 18 ஆட்டக்காரர் உட்பட 31 பேர் மாண்டனர். தேசியக் குழுவின் முதுகெலும்பே முறிந்தது. அந்த அச்சத்தால் இத்தாலியக் குழு விமானத்தை விடுத்துக் கப்பலில் பிரேஸில் சென்றது. ஸ்வீடனின் கதையோ வேறு. தங்கப் பதக்கம் பெற்ற குழுவின் சிறந்த ஆட்டக்காரர்கள் இத்தாலிய நகரங்களில் ஊதியத்துக்கு ஆடப் போய்விட்டனர். தொழில்முறை ஆட்டக்காரரைத் தேசியக் குழுவில் சேர்ப்பதில்லை என்ற விதியினால் ஸ்வீடன் அவர்களை விடுத்துப் புதியவர்களுடனே வந்தது. நடப்புச் சாம்பியனான இத்தாலி எளிதில் வெல்லும் என்பதே பொதுவான கணிப்பு. நிகழ்ந்தது வேறு. ஸ்வீடன் மூன்றுக்கு இரண்டு என இத்தாலியை வென்றது. பராகுவேயுடன் இரண்டுக்கு இரண்டு எனச் சமன் செய்தது. பிரிவில் முதலிடம் பெற்றது. இத்தாலி அடுத்த ஆட்டத்தில் பராகுவேயை வென்றும் பயனின்றி ஊர் திரும்பியது.

இதனினும் பெரிய வியப்பு ஜூன் 29ஆம் நாள் பெலோ ஹொரிசாண்டே நகரில் நிகழ்ந்தது. கால்பந்தாட்டத்தின் தாயகம் என்று தன்னை எண்ணிய இங்கிலாந்து, முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்திருந்தது. எதிரே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குழு. அக்குழுவில் ஒருவர் தபால்காரர். ஒருவர் பள்ளி ஆசிரியர். கோல் காவலரோ சவ ஊர்தி ஓட்டியவர். ஹெய்ட்டித் தீவில் பிறந்தவரும், நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிப் பிழைத்தவருமான ஜோ கேட்ஜென்ஸ் என்பவர், 38ஆம் நிமிடத்தில் தலையால் பந்தைத் திருப்பி கோல் போட்டார். அந்த ஒரு கோலால் இங்கிலாந்து தோற்றது. தந்தியில் வந்த ஒன்றுக்குச் சுழி என்ற செய்தியைப் பிழை என எண்ணி, இங்கிலாந்து பத்து கோல் போட்டு வென்றதாக ஆங்கிலப் பத்திரிகைகள் அச்சிட்டன என்று ஒரு கதை உண்டு. ஆராய்ந்தோர் அது வெறுங்கதை என்றே கண்டனர். தோற்ற நாட்டிலும், போகாத நாட்டிலும் கட்டுக்கதைகள் ஒரே வகையாகத்தான் முளைக்கின்றன போலும்!

ஜூலை 16ஆம் நாள் ரியோவின் மரக்கானா மைதானத்தில் கடைசி ஆட்டம். பிரேஸில் அதற்கு முன்னர் ஸ்வீடனை ஏழுக்கு ஒன்று எனவும், ஸ்பெயினை ஆறுக்கு ஒன்று எனவும் வென்றிருந்தது. உருகுவேயோ ஸ்பெயினுடன் சமன் செய்து, ஸ்வீடனை அரும்பாடுபட்டு வென்றிருந்தது. பிரேஸிலுக்குச் சமன் செய்தாலே கோப்பை. ரசிகர்களிடையே விவாதமே இல்லை. எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது. ரியோவின் பத்திரிகை ஒன்று, ஆட்டத்துக்கு முன்னரே தன் நாட்டுக் குழுவின் படத்தை வெளியிட்டு இவர்களே உலக வீரர்கள் என்று அறிவித்துவிட்டது. நகரத் தலைவர் மைதானத்திலேயே அவர்களை வெற்றியாளர் என விளித்து உரையாற்றினார். சர்வதேசச் சம்மேளனத்தின் தலைவர் ஜூல் ரிமே, பிரேஸிலைப் பாராட்டும் உரையைப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

சீட்டு வாங்கியவர் எண்ணிக்கை மட்டும் 1,73,850. உள்ளே இருந்தவர் ஏறத்தாழ 2 இலட்சம் என்பர். 47ஆம் நிமிடத்தில் பிரேஸில் கோல் போட்டது. 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79ஆம் நிமிடத்தில் கிஜ்ஜியா இரண்டாம் கோலைப் போட்டார். அந்தப் பெருங்கூட்டம் மயான அமைதியில் ஆழ்ந்தது. எழுதி வைத்த உரைக்கு வேலையில்லாமற் போகவே, ரிமே கூட்டத்தின் குழப்பத்தினிடையே உருகுவேயின் தலைவர் ஒப்தூலியோ வரேலாவின் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அந்தத் தோல்வியின் கொடுமையைக் குறைத்துக் கூறலாகாது. பிரேஸிலின் கோல் காவலர் பார்போஸா, 2000ஆம் ஆண்டில் இறக்கும் வரையில் அந்த ஒரு கோலுக்காகப் பழி சுமந்தார். ஆனால் அதே தோல்வி பிரேஸிலை உறங்கவிடவில்லை. அன்று அணிந்திருந்த வெள்ளைச் சட்டை ராசியற்றது என்று அதனைக் கைவிட்டு, 1953ஆம் ஆண்டில் புதிய சட்டைக்குப் போட்டி வைத்தனர். உருகுவே எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்த இளைஞர் ஒருவர் வரைந்த மஞ்சள் சட்டை தேர்வாயிற்று. எட்டு ஆண்டுகளுக்குள், 1958ஆம் ஆண்டில், பிரேஸில் கோப்பையை வென்றது. இன்று கொல்கத்தாவின் சந்துகளில் நம் பிள்ளைகள் அணிந்து திரியும் மஞ்சள் சட்டை, மரக்கானாவில் தோற்ற தோல்வியின் குழந்தையே ஆகும்.

இப்போது எங்கள் அலுவலக நண்பரின் வாதத்துக்குத் திரும்புவோம். நாம் போயிருந்தால்? வலுவிழந்த இத்தாலி, சிறந்தவர்களை இழந்த ஸ்வீடன், பிரான்ஸுடன் நாம் ஆடிய ஆட்டம் இவற்றையெல்லாம் கூட்டி, நமக்கு வாய்ப்பு இருந்தது என்று கணக்கிடுவோர் உண்டு. ஆனால் கணக்கின் மறுபுறத்தையும் எழுதவேண்டும். நம் உள்நாட்டு ஆட்டங்கள் 90 நிமிடத்தினும் குறைந்தவை. முழு நேரமும் ஓடி ஆடும் பழக்கம் நம்மவர்க்கு இல்லை. ஒருங்கிணைந்த பயிற்சி இல்லை. நம்மால் வெல்லக்கூடும் என்று நாம் மதிப்பிடும் அதே ஸ்வீடன், இத்தாலியை வென்றது. அதே ஸ்வீடனை பிரேஸில் ஏழு கோல்களால் அடித்தது. நடுநிலையோடு கூறின், நாம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றிருக்கக்கூடும் என்றே நான் எண்ணுகிறேன்.

தோற்றிருந்தால் என்ன என்பதே என் கேள்வி. அமெரிக்கக் குழு அப்போட்டியில் ஆடியது மூன்று ஆட்டங்கள். ஸ்பெயினிடமும் சிலியிடமும் தோற்று, தன் பிரிவில் கடைசியாக நின்றது. ஆயினும் வென்ற அந்த ஓர் ஆட்டத்தை உலகம் மறக்கவில்லை. இங்கிலாந்தைக் கண்டு அஞ்சி அவர்கள் நியூயார்க்கிலேயே தங்கியிருந்தால், கேட்ஜென்ஸ் என்ற பெயர் அவர் வேலை பார்த்த உணவகத்துக்கு வெளியே யாருக்குத் தெரிந்திருக்கும்?

இதற்கு வெளிநாட்டுச் சான்று மட்டும் போதாதெனில் நம் நாட்டுச் சான்றே உண்டு. 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், மேவாலால் போட்ட ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றோம். இனி நமக்கு நிகர் யார் என்று நாடு மகிழ்ந்தது. மறு ஆண்டு, 1952 ஜூலை 15ஆம் நாள், ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவை எதிர்த்து ஆடினோம். கோல் கணக்கு பத்துக்கு ஒன்று. ஆட்டம் முடியும் நேரத்தில் அகமது கான் போட்ட அந்த ஒரு கோல்தான் நமக்கு மிச்சம். யூகோஸ்லாவியா சாமானியக் குழு அன்று. அப்போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற குழு. ஆயினும் பத்து கோல் என்பது எந்தச் சமாதானத்துக்கும் அடங்காத எண்ணாகும். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு பெனால்ட்டிகளைச் சொல்லி ஆறுதல் அடைந்தோம். இம்முறை சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல ஒன்றுமில்லாதபோதுதான் செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிகிறது. ஹெல்ஸிங்கியிலிருந்து திரும்பியபின் பூட்ஸ் அணிந்தே ஆடவேண்டும் என்று நம் சம்மேளனம் விதித்தது. 1911ஆம் ஆண்டிலிருந்து போற்றி வந்த வெறுங்காலின் பெருமையை ஒரே தோல்வி களைந்துவிட்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்தவரும் ஆசிரியப் பணி புரிந்தவருமான பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், தனி ஒருவர் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு வித்தை காட்டும் பழக்கத்தை மாற்றி, ஒருவர்க்கொருவர் விரைந்து பந்தை வழங்கும் ஆட்டத்தைக் கற்பித்தார். ஆசிரியர்க்கு உரிய பொறுமையும் கண்டிப்பும் அவரிடம் இருந்தன.

அதன் பயனை 1956ஆம் ஆண்டில் மெல்போர்னில் கண்டோம். டிசம்பர் முதல் நாள் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என வென்றோம். நெவில் டிசூஸா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதன்முறை. அரையிறுதியில் எதிரே வந்தது யார்? அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதற் கோலைப் போட்டவர் டிசூஸா! சிறிது நேரமே ஆயினும், பத்து கோல் போட்ட குழுவை நாம் முந்தி நின்றோம். பின்னர் நான்குக்கு ஒன்று எனத் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, நான்காம் இடம் பெற்றோம். பத்துக்கு ஒன்று என்பதற்கும் நான்குக்கு ஒன்று என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை எந்த விவாதமும் கடந்து கொடுக்கவில்லை. ஆடித் தோற்ற ஆட்டமே கடந்து கொடுத்தது. 1960ஆம் ஆண்டில் ரோமாபுரியில், இலண்டனில் நம்மை வென்ற பிரான்ஸுடன் ஒன்றுக்கு ஒன்று எனச் சமன் செய்ததும் அவ்வழியே வந்த பயன்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல்களால் தோற்றோம். பதக்கத்துக்கு இனி வாய்ப்பில்லை என்று கருதியவர் பலர் இருந்திருப்பர். ஆனால் தாய்லாந்து, ஜப்பான், தென் வியத்நாம் ஆகிய நாடுகளை வென்று, செப்டம்பர் 4ஆம் நாள் அதே கொரியாவை இறுதி ஆட்டத்தில் சந்தித்தோம். இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் இந்தோனேசியக் கூட்டம் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. அக்கூச்சலினிடையே பி.கே. பானர்ஜியும், தலையில் காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட, இரண்டுக்கு ஒன்று என வென்றோம். ரஹீம் அப்போதே புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். மறு ஆண்டு காலமானார்.

இந்த வளர்ச்சிக் காலம் முழுவதிலும் நாம் உலகக் கோப்பையின் பக்கம் சென்றோமா? 1954ஆம் ஆண்டுப் போட்டிக்கு நாம் அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1958, 1962, 1966, 1970 ஆகிய ஆண்டுகளின் போட்டிகளுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. மெல்போர்னில் நான்காம் இடம் பெற்ற குழுவும், ஜகார்த்தாவில் தங்கம் பெற்ற குழுவும் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டமேனும் ஆடியதில்லை. இந்தியா முதன்முதலாக அத்தகுதிச் சுற்றில் ஆடியது 1985ஆம் ஆண்டில். வாய்த்த இடத்தை விட்டுக்கொடுத்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர். அதற்குள் ரஹீமின் மாணவர்கள் முதியோராகிவிட்டனர்; ஆசியாவின் ஏனைய நாடுகள் நம்மைக் கடந்து போய்விட்டன. நாம் உண்மையில் இழந்தது 1950ஆம் ஆண்டின் மூன்று ஆட்டங்களை அன்று. அவற்றின் பின்னே வந்திருக்கக்கூடிய முப்பத்தைந்து ஆண்டுகளின் பழக்கத்தையே இழந்தோம்.

வெறுங்கால் கதையின் தீமையும் இதுவே. பிறர் தடுத்தார்கள் என்று நம்புகிறவன் தன் பிழையைத் தேடுவதில்லை. இதனைப் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் தோஹாவில் கத்தாரிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்று, 2026ஆம் ஆண்டுக் கோப்பையின் தகுதிப் போட்டியில் இரண்டாம் சுற்றோடு வெளியேறினோம். கத்தாரின் ஒரு கோல், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிய பின்னர் போடப்பட்டது என்று பெரும் சர்ச்சை எழுந்தது. நம் மனக்குறை நியாயமானதே. ஆனால் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், குவாஹாட்டியில் நம் சொந்த ரசிகர்களின் முன்னிலையில் ஆப்கானிஸ்தானிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றோம். தோஹாவின் கோலைப் பற்றிப் பேசுவோர் ஆயிரவர். குவாஹாட்டியை நினைப்போர் அரியர். அந்த 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு நாடுகளின் எண்ணிக்கை 48ஆக உயர்த்தப்பட்டது; ஆசியாவுக்கு மட்டும் நேரடியாக 8 இடங்கள் வழங்கப்பட்டன. ஏறத்தாழ 5 இலட்சம் மக்களே வாழும் கேப் வெர்டே தீவுகள் தகுதி பெற்றன. அதனினும் சிறிய குராசாவோ தீவும் தகுதி பெற்றது. மக்கள் தொகையும் ரசிகர் தொகையும் இடத்தைப் பெற்றுத் தருவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ரசிகர்கள் விவாதிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. விவாதமே விளையாட்டின் பாதி இன்பம். எங்கள் பகலுணவு வேளையை நான் எதற்கும் விட்டுக்கொடேன். ஆனால் பிறர் நாட்டு ஜாதகத்தைக் கணிக்கும்போது காட்டுகிற கண்டிப்பை நம் நாட்டைக் கணிக்கும்போதும் காட்டுவோமாக. 1950ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போது 1952ஆம் ஆண்டையும் உடன் சேர்த்துப் பேசுவோமாக.

அன்று மணிப்பூர் நண்பர் எங்கள் ஆரவாரம் அடங்கும் வரையில் காத்திருந்தார். பின்னர், தம் ஊரில் மழைக்காலச் சேற்றிலும் சிறுவர்கள் ஆடுவார்கள் என்றும், பெரிய குழுவிடம் தோற்ற நாளின் மறுநாள்தான் அவர்கள் மைதானத்துக்கு விடியுமுன்னரே வந்துவிடுவார்கள் என்றும் கூறிவிட்டு, உணவுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். அவர் எந்த ஆருடமும் கூறவில்லை. எங்கள் அரை மணி நேர விவாதத்தில் நம் நாட்டின் வாய்ப்பைப் பற்றிக் கூறப்பட்ட ஒரே உருப்படியான செய்தி அதுதான் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.